கம்ப்ரஸர் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

(ஒலிப்பதிவில் பேசியதன் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)



போன எபிசோடுல கார் ஏசியில் கேஸ் ஏன் குறையுது, வருஷா வருஷம் கேஸ் அடிச்சே ஆகணும்னு சொல்றது ஏன் தப்புன்னு பேசினோம். அதைக் கேட்டுட்டு நிறைய பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க. "கம்ப்ரஸர் போச்சுன்னு மெக்கானிக் சொல்றார். மாத்த எவ்வளவு ஆகும்? புதுசு போடலாமா, ரீகண்டிஷன் போடலாமா?"

காசு விஷயத்துக்குக் கடைசியில் வரேன். அதுக்கு முன்னாடி, நீங்க யாருமே கேட்காத ஒரு கேள்வியை நான் கேட்கிறேன். அந்தக் கம்ப்ரஸர் ஏன் போச்சு?

ஏதோ பெரிய புத்திசாலி மாதிரி இதைக் கேட்கலைங்க. ஒரு தடவை நானும் இதைக் கேட்காமல் விட்டிருக்கேன். அதனால ஒரு மனுஷனுக்கு ஒரு சீசனே போச்சு. அந்தக் கதையைச் சொன்னா, கம்ப்ரஸர் மாத்துறது எப்படின்னு தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கதைக்குள்ளேயே எல்லாம் இருக்கு.

பைபாஸில் குளிரும், சிக்னலில் குளிராது

2017, மே மாசம். மதுரையில் மே மாசம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். கத்திரி ஆரம்பிச்சாச்சு. எங்க பட்டறையில் காலையில் ஏழு மணிக்கே நாலு வண்டி வரிசையில் நிக்கும். அப்போ ஒரு அண்ணன் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். சொந்தமா ஒரு டீசல் செடான் வச்சு டாக்ஸி ஓட்டுறவர். ஏர்போர்ட் பிக்கப், கொடைக்கானல், ராமேஸ்வரம், இதுதான் அவருக்குப் பிழைப்பு. வண்டி 2 லட்சம் கிலோமீட்டர் தாண்டியிருந்தது.

"தம்பி, ஏசி போட்டா கடகடன்னு சத்தம். கூலிங்கும் இல்ல. நாளைக்கு ஒரு டிரிப் இருக்கு, பாத்து விடுங்க"ன்னார்.

பானெட்டைத் திறந்து கேஜ் மாட்டினேன். லோ சைடும் ஹை சைடும் பெரிய வித்தியாசம் இல்லாமல் நிக்குது. கம்ப்ரஸர் சுத்துது, ஆனா அழுத்தம் கொடுக்கலை. உள்ளே பிஸ்டன் போயிருச்சு. இதுல சந்தேகமே இல்லை. "அண்ணே, கம்ப்ரஸர் மாத்தணும்"னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சும்மா சொல்ற மாதிரி ஒண்ணு சொன்னார். "ஒரு மாசமாவே பைபாஸ்ல போனா நல்லா குளுரும் தம்பி. காளவாசல் சிக்னல்ல நின்னா அனல் அடிக்கும். நான்தான் வெயில் ஜாஸ்தின்னு விட்டுட்டேன்."

இந்த வாக்கியத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. நான் அன்னைக்கு வச்சுக்கலை. காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான். பின்னாடி மூணு வண்டி நிக்குதேங்கிற நினைப்புல இருந்தேன்.

கம்ப்ரஸர் 18,000. கேஸ், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 21,500ன்னு சொன்னேன். சாயங்காலம் பணத்தோட வந்தார். வீட்டுக்காரம்மா வளையலை அடகு வச்சிட்டு வந்ததா பின்னாடிதான் தெரிஞ்சது. பழசைக் கழட்டினேன், புதுசை மாட்டினேன், வேக்யூம் போட்டேன், கேஸ் ஏத்தினேன். ராத்திரி ஒன்பது மணிக்கு ஐஸ் மாதிரி காத்து. அவரும் சந்தோஷம், நானும் சந்தோஷம்.

சரியா மூணு வாரம் கழிச்சு மத்தியானம் போன் வருது. ராமேஸ்வரம் டிரிப், பரமக்குடி தாண்டலை. வண்டியில் ஒரு குடும்பம், கைக்குழந்தையோட. அதே கடகட சத்தம். ஏசி நின்னு போச்சு. அந்த வெயில்ல கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிக்கிட்டுப் போயிருக்கார். சவாரி வந்தவங்க பாதிக் காசுதான் கொடுத்தாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது.

உள்ளே என்ன நடக்குது

இப்போ கதையைக் கொஞ்சம் நிறுத்திட்டு, சிஸ்டம் எப்படி வேலை செய்யுதுன்னு ரெண்டு நிமிஷம் பார்த்துடலாம். தெரிஞ்சவங்க பொறுத்துக்கோங்க.

ஏசியில் கேஸ் ஒரே வட்டத்துல சுத்திக்கிட்டே இருக்கும். கம்ப்ரஸர் அதை அழுத்தி, சூடான கேஸா முன்னாடி கிரில்லுக்குப் பின்னால இருக்கிற கண்டன்சருக்கு அனுப்பும். அங்கே வெளிக்காத்து பட்டுச் சூடு இறங்கி, கேஸ் திரவமா மாறும். அப்புறம் டிரையர். அது ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும். அடுத்து எக்ஸ்பான்ஷன் வால்வ். சின்னத் துவாரம். அதைத் தாண்டினதும் அழுத்தம் பொசுக்குன்னு இறங்கும், திரவம் கூலிங் காயிலுக்குள்ள கொதிச்சு ஆவியாகும். ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டை எடுத்துக்கும். நமக்குக் குளிர்காத்து. அந்த ஆவி மறுபடி கம்ப்ரஸருக்கு.

இதுல ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, கம்ப்ரஸருக்கு எஞ்சின் மாதிரி தனியா ஆயில் சம்ப் கிடையாது. பெரும்பாலான கார்ல ஆயில் கேஸோட சேர்ந்தே ஊர் சுத்தி வரும். கேஸ் ஒழுங்கா ஓடலைன்னா ஆயிலும் திரும்பி வராது. ரெண்டாவது, கம்ப்ரஸர் உடைஞ்சா அதோட தூள் அங்கேயே உட்காராது. கேஸ் போற வழியில எல்லாம் போகும். முதல்ல போய் விழுற இடம் கண்டன்சர்.

தோட்டம் வச்சிருக்கிறவங்களுக்கு இது சுலபமாப் புரியும். போர்ல மோட்டார் காயில் எரிஞ்சுடுது. எடுத்துட்டுப் போய் ரீவைண்டிங் பண்ணி இறக்குறோம். பத்து நாள்ல மறுபடி எரியுது. ஏன்? தண்ணி இறங்கிப் போய் மோட்டார் வறண்டு ஓடியிருக்கும், இல்லைன்னா வோல்டேஜ் குறைவா வந்திருக்கும். அதைப் பார்க்காமல் எத்தனை தடவை ரீவைண்டிங் பண்ணினாலும் எரியத்தான் செய்யும். ரீவைண்டிங் பண்ணினவர் மேல தப்பு சொல்லுவோம். நான் அன்னைக்கு அந்த ரீவைண்டிங்காரர்.

முதலில், அது கம்ப்ரஸர்தானா?

கம்ப்ரஸர் போச்சுன்னு சொல்ற வண்டியில் எல்லாம் கம்ப்ரஸர் போயிருக்காது. இதையும் சொல்லிடறேன்.

ஏசி சுவிட்ச் போட்டதும் கம்ப்ரஸர் முன்னாடி இருக்கிற கிளட்ச் "டக்"னு பிடிக்கணும். பிடிக்கலைன்னா முதல்ல கேஸ் இருக்கான்னு பாருங்க. கேஸ் ரொம்பக் குறைஞ்சா பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை ஓடவே விடாது. அது நல்லதுக்குத்தான். அடுத்து ஃபியூஸ், ரிலே. அதுவும் சரின்னா கிளட்ச் இடைவெளி. அது அரை மில்லிமீட்டர் அளவுல இருக்கணும். தேய்ஞ்சு இடைவெளி அதிகமாச்சுன்னா காலையில் பிடிக்கும், சூடேறினதும் பிடிக்காது. ஷிம் ஒண்ணை எடுத்தாலே சில வண்டியில் சரியாகிடும்.

ஏசி ஆஃப்ல இருக்கும்போதும் கர்ருன்னு சத்தம் வருதா? அது பெரும்பாலும் புல்லி பேரிங். பேரிங் மட்டும் மாத்தலாம். சில வண்டியில் கிளட்சே இருக்காது. உள்ளே ஒரு கண்ட்ரோல் வால்வ்தான் எவ்வளவு அழுத்தணும்னு முடிவு பண்ணும். அந்த வால்வ் கெட்டாலும் கூலிங் வராது. அதுக்கும் முழு கம்ப்ரஸரை மாத்திவிடறவங்க இருக்காங்க.

கேஜ் மாட்டாமல், பானெட்டைத் திறந்து காதை வச்சுக் கேட்டுட்டு "கம்ப்ரஸர் அவுட்"னு சொன்னா, இன்னொரு இடத்துல காட்டுங்க. மே மாசத்து மதுரை வெயில்ல, நல்லா இருக்கிற சாதாரண 134ஏ கேஸ் சிஸ்டத்துல, ஓடும்போது லோ சைடு 30லிருந்து 45 பிஎஸ்ஐ, ஹை சைடு 250 சுற்றுவட்டாரத்துல நிக்கும். வண்டிக்கு வண்டி மாறும். ஆனா ரெண்டு முள்ளும் ஏறக்குறைய ஒரே இடத்துல நின்னா, சுத்துற கம்ப்ரஸர் வேலை செய்யலைன்னு அர்த்தம். அந்த அண்ணன் வண்டியில் அப்படித்தான் இருந்தது. அந்த முடிவுல நான் தப்பு பண்ணலை. அதோட நின்னதுதான் தப்பு.

ரெண்டாவது தடவை கழட்டினப்போ

வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்தாங்க. நான் போட்ட புதுக் கம்ப்ரஸரைக் கழட்டி, அதுல இருந்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டுல ஊத்தினேன். நல்ல ஆயில் தெளிவா இருக்கும், இல்லைன்னா லேசான மஞ்சள். இது கறுப்பு. வெயில்ல சாய்ச்சுப் பார்த்தா ஜிகினா மாதிரி மின்னுது. அலுமினியத் தூள்.

மூணு வாரம் முன்னாடி கழட்டின பழசு, பட்டறை மூலையில் சாக்குக்குள்ள கிடந்தது. அதையும் எடுத்து ஊத்தினேன். அதே கறுப்பு, அதே மினுமினுப்பு. அன்னைக்கே ஒரு தட்டு எடுத்து ஊத்தியிருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். பழைய கம்ப்ரஸர் அரைச்சுத் துப்பின தூள் பூரா கண்டன்சர்லயும் டிரையர்லயும் பைப்லயும் இருந்திருக்கு. நான் புதுக் கம்ப்ரஸரைக் கொண்டு போய் அந்தத் தூளோட சேர்த்துக் கட்டிவிட்டிருக்கேன். கூடவே எக்ஸ்பான்ஷன் வால்வ் வாய் அடைச்சிருந்தது. அதனால ஆயில் திரும்பி வர்றது குறைஞ்சிருக்கு.

அதுக்கும் மேல ஒண்ணு இருந்தது. முதல் கம்ப்ரஸர் ஏன் போச்சு?

எனக்கு அப்போதான் காளவாசல் சிக்னல் ஞாபகம் வந்தது. ஓடும்போது குளிரும், நின்னா குளிராது. ஓடும்போது கண்டன்சருக்குக் காத்து தானா வரும். நிக்கும்போது ஃபேன்தான் காத்து கொடுக்கணும். ஃபேன் கனெக்டரைத் தனியா எடுத்து, பேட்டரியில் இருந்து நேரா கரண்ட் கொடுத்து ஓடவிட்டேன். நல்லா சுத்துச்சு. விடாமல் உட்கார்ந்து பார்த்தேன். இருபது நிமிஷம் கழிச்சு, மோட்டார் சூடேறினதும், மெதுவா இறங்கி நின்னு போச்சு. ஒரு குச்சியால தட்டினா மறுபடி சுத்துது. கழட்டிப் பார்த்தா கார்பன் பிரஷ் தேய்ஞ்சு ஒண்ணுமே இல்லை.

நான் முதல் தடவை டெஸ்ட் பண்ணினது ராத்திரி ஒன்பது மணிக்கு. வெயில் இல்லை, ஓடவிட்டது பத்தே நிமிஷம். அந்த நேரத்துல ஃபேன் எனக்கு நல்லாத்தான் ஓடிக் காட்டியிருக்கு.

ஃபேன் நின்னா கண்டன்சர்ல சூடு இறங்காது. ஹை சைடு 250லிருந்து 350க்கு மேல ஏறும். ரொம்ப ஏறினா பிரஷர் சுவிட்ச் வெட்டும். கொஞ்சம் இறங்கினதும் மறுபடி பிடிக்கும். மறுபடி ஏறும். ஒரு மாசம் பூரா ஒவ்வொரு சிக்னல்லயும் அந்தக் கம்ப்ரஸர் இப்படி அடி வாங்கியிருக்கு. ஆயில் சூட்டுல நீர்த்துப் போய், உலோகத்தோட உலோகம் உரசி, கடைசியில் அரைச்சிருச்சு. 18,000 ரூபாய் கம்ப்ரஸரைக் கொன்னது ஒரு ஃபேன் மோட்டார் பிரஷ். அதோட சாவை எனக்கு அவர் வாயாலேயே சொன்னார். நான்தான் கேட்கலை.

கம்ப்ரஸர் கொடுத்த கடையில் வாரண்டி கேட்டுப் போனேன். அவங்க திறந்து பார்த்தாங்க. தூளைக் காட்டினாங்க. "சிஸ்டத்தைச் சுத்தம் பண்ணாம மாட்டியிருக்கீங்க, இதுக்கு வாரண்டி இல்லை"ன்னுட்டாங்க. அவங்க சொன்னது நியாயம்.

அப்போ எப்படி மாத்தணும்?

அன்னையிலிருந்து எங்க பட்டறையில் வரிசை மாறலை. வீட்டுல நீங்களே செய்யறதுக்காகச் சொல்லலை. கேஸ் கையில் பட்டா தோலை உறைய வச்சிடும், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. பக்கத்துல நின்னு பார்க்கும்போது என்ன நடக்கணும்னு தெரியணும், அதுக்குத்தான்.

முதல் வேலை, இருக்கிற கேஸை மெஷின்ல இழுத்து எடுக்கணும். வெளியே புஸ்ஸுன்னு திறந்து விடக்கூடாது. 134ஏ ஓசோனைக் கெடுக்காது, ஆனா பூமியைச் சூடாக்குறதுல கார்பன் டை ஆக்சைடைவிட 1,300 மடங்குக்கு மேல. நாங்களும் ஒரு காலத்துல திறந்து விட்டவங்கதான். இப்போ விடறதில்லை. இன்னொரு லாபமும் உண்டு. எத்தனை கிராம் வெளியே வருதுன்னு பார்த்தா, லீக் இருந்துச்சா இல்லையான்னு தெரியும்.

ரெண்டாவது, பழைய கம்ப்ரஸர் ஆயிலைத் தட்டுல ஊத்திப் பார்க்கணும். தெளிவா இருந்தா நிம்மதி. சீல் கசிவு, கிளட்ச், பேரிங் மாதிரி காரணத்துக்காக மாத்துறீங்கன்னா கண்டன்சரைத் தொட வேண்டியதில்லை. கறுத்து, மின்னுச்சுன்னா கண்டன்சரும் மாத்தணும். "ஃப்ளஷ் பண்ணிடலாமே"ன்னு கேட்பீங்க. பழைய காலத்துக் கண்டன்சர்ல ஒரே குழாய் வளைஞ்சு வளைஞ்சு போகும், கழுவினா வெளியே வந்துடும். இப்போ வர்ற கண்டன்சர்ல தட்டையான குழாய்கள், ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு மில்லிமீட்டர் அளவுல வரிசையா ஓட்டைகள். நாலு ஓட்டை அடைச்சிருந்தா கழுவுற திரவம் திறந்திருக்கிற மத்த ஓட்டை வழியா ஓடிடும். அடைச்சது அடைச்ச இடத்துலயே இருக்கும். பைப்பையும் கூலிங் காயிலையும் கழுவலாம். கழுவினதும் நைட்ரஜன் விட்டு நல்லா உலர்த்தணும். சும்மா டயருக்குக் காத்தடிக்கிற கம்ப்ரஸர் காத்து கூடாது, அதுல ஈரம் இருக்கும்.

மூணாவது, டிரையரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் புதுசு. டிரையருக்குள்ள இருக்கிற மணிகள் ஈரத்தை உறிஞ்சுறதுக்குன்னே இருக்கு. திறந்து வச்சா ஊர்க் காத்துல இருக்கிற ஈரத்தையே குடிச்சு நிறைஞ்சிடும். பல வண்டியில் டிரையர் கண்டன்சரோடயே ஒட்டி வருது. ஓ-ரிங் எல்லாமே புதுசு, லேசா ஆயில் தடவி மாட்டணும். ஒரு ஓ-ரிங் விலையைச் சொன்னா சிரிப்பீங்க. அதைப் பழசாவே விட்டுட்டு ஆறு மாசத்துல கேஸ் போச்சுன்னு வர்ற வண்டி எத்தனையோ.

நாலாவது ஆயில். இங்கேதான் பல பேர் கோட்டை விடறாங்க. புதுக் கம்ப்ரஸர் பெரும்பாலும் ஆயிலோடயே வரும், சில சமயம் மொத்த சிஸ்டத்துக்கும் தேவையான அளவு. எதையெல்லாம் மாத்தியிருக்கோம், எதுல எவ்வளவு ஆயில் தங்கியிருக்கும்னு கணக்குப் போட்டு, கம்பெனி சொன்ன அளவுக்குக் கூட்டவோ குறைக்கவோ வேணும். பல சின்னக் கார்ல மொத்தமே 100லிருந்து 150 மில்லிதான். குறைஞ்சா கம்ப்ரஸர் காயும். கூடினா கூலிங் காயில்ல படிஞ்சு குளிர் குறையும். எந்த ஆயில்ங்கிறதும் முக்கியம். பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்ல பேக் ஆயில். கரண்ட்ல ஓடுற கம்ப்ரஸர் வச்ச ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டியில் பெரும்பாலும் பிஓஇ. அதுல கண்ட ஆயிலை ஊத்தினா உள்ளே இருக்கிற மின் காப்பே கெட்டுப்போகும். பேக் ஆயில், மழைக்காலத்து உப்பு மாதிரி, திறந்து வச்சா ஈரத்தை இழுத்துக்கும். பாதி உபயோகிச்சு மூடி திறந்து கிடக்கிற டப்பாவிலிருந்து ஊத்த விடாதீங்க.

ரீகண்டிஷன் கம்ப்ரஸர் கேட்டீங்களே, அதுக்கும் இதுதான் பதில். வாய் திறந்தபடி எத்தனை நாள் அலமாரியில் கிடந்துச்சு, எந்த வண்டியில் இருந்து கழட்டினாங்க, உள்ளே ஆயில் என்ன நிறம்? இந்த மூணுக்கும் பதில் சொல்ற ஆள்கிட்ட வாங்கலாம். பதில் இல்லைன்னா வேண்டாம்.

அஞ்சாவது வேக்யூம். இதைக் காத்தை வெளியே எடுக்கிற வேலைன்னு மட்டும் நினைக்கிறாங்க. ஈரத்தை எடுக்கிறதும் இதுதான். அழுத்தம் அந்த அளவு இறங்கினா, 30 டிகிரியிலேயே உள்ளே இருக்கிற தண்ணி கொதிச்சு ஆவியாயிடும். பம்ப் அதை இழுத்து வெளியே விடும். அதுக்கு நேரம் வேணும். நாங்க குறைஞ்சது 45 நிமிஷம் விடறோம். அப்புறம் வால்வை மூடிட்டு அரை மணி நேரம் முள்ளு நகருதான்னு பார்ப்போம். அஞ்சு நிமிஷம் பம்ப் ஓட்டிட்டு "வேக்யூம் போட்டாச்சு"ன்னா நம்பாதீங்க. உள்ளே தங்கின ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வ்ல ஐஸா உறைஞ்சு அடைக்கும், கேஸோடயும் ஆயிலோடயும் சேர்ந்து அமிலமாகி உள்ளேயே அரிக்கும்.

ஆறாவது, கேஸை எடை போட்டு ஏத்தணும். பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கர்ல எத்தனை கிராம்னு போட்டிருக்கும். கண்ணால பார்த்து, பைப்பைத் தொட்டு ஏத்துறது வேண்டாம். எஞ்சினை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கம்ப்ரஸர் முன்பக்கத்தைக் கையால ஒரு பத்து சுத்து சுத்தணும். உள்ளே தேங்கின ஆயிலும் திரவமும் முதல் சுத்துலயே பிஸ்டனை அடிக்காமல் இருக்க.

கடைசியா ஃபேன். வண்டியை வெயில்ல நிறுத்தி, ஏசியை முழுசா வச்சு, அரை மணி நேரம் ஓடவிடணும். ஃபேன் நிக்குதா, ஹை சைடு ஏறிக்கிட்டே போகுதான்னு பார்க்கணும். ராத்திரி ஒன்பது மணிக்குப் பார்த்துட்டு அனுப்பக் கூடாது. இதை நான் சொன்னா எங்க பசங்க சிரிப்பாங்க. அவங்களுக்கு அந்தக் கதை தெரியும்.

காசு

இப்போ நீங்க கேட்ட கேள்விக்கு வரேன். அந்த வண்டிக்கு முதல் தடவையே முழுசாச் செஞ்சிருந்தா, கம்ப்ரஸர் 18,000, டிரையரோட கண்டன்சர் 7,500, எக்ஸ்பான்ஷன் வால்வ் 2,000, ஃபேன் மோட்டார், ஆயில், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 34,000 வந்திருக்கும். அது அப்போதைய விலை. உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு உங்க ஊர்லதான் கேட்கணும். ஆனா கம்ப்ரஸர் உள்ளே உடைஞ்சிருந்தா, கம்ப்ரஸர் விலையோட பாதியாவது கூடச் சேர்த்து வச்சுக்கோங்க. அதுக்கும் குறைவா யாராவது சொன்னா எதை விடப் போறாங்கன்னு கேளுங்க.

எங்க தொழில்ல இருக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் 21,500ன்னு சொன்னதுக்கு அவசரம் மட்டும் காரணம் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். இதுக்கு மேல சொன்னா தாங்க மாட்டார்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். இரக்கம்னு நினைச்சேன். பக்கத்துப் பட்டறைக்குப் போயிடுவாரோங்கிற பயமும் அதுல இருந்துச்சு, மறைக்கலை.

ரெண்டாவது கம்ப்ரஸரையும் கூலியையும் நான் ஏத்துக்கிட்டேன். கண்டன்சர், வால்வ், ஃபேன் மோட்டார் காசை அவர் மூணு தவணையாக் கொடுத்தார். வேலை முடிய பன்னிரண்டு நாள் ஆச்சு. மே கடைசி, பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முந்தின நாட்கள். டாக்ஸி ஓட்டுறவங்களைக் கேட்டுப் பாருங்க, அந்தப் பன்னிரண்டு நாளோட மதிப்பை.

வண்டியை எடுக்க வந்த அன்னைக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படலை. டீ சொன்னார். குடிச்சு முடிச்சிட்டுச் சொன்னார்:

"அன்னைக்கே முப்பத்துநாலாயிரம்னு சொல்லியிருந்தா எங்கயாவது புரட்டியிருப்பேன் தம்பி. ரெண்டு தடவை புரட்டத்தான் முடியல."

அந்த வண்டி அதுக்கப்புறம் நாலு வருஷம் ஓடுச்சு. விக்கிற வரைக்கும் அந்தக் கம்ப்ரஸர்தான். சர்வீசுக்கு எங்ககிட்டதான் வந்தார். ஏன் வந்தார்னு நான் கேட்டதில்லை.

அதனால, நாளைக்கு உங்க மெக்கானிக் "கம்ப்ரஸர் மாத்தணும்"னு சொன்னா, எவ்வளவுன்னு கேட்கிறதுக்கு முன்னாடி ஏன் போச்சுன்னு கேளுங்க. கழட்டின பழசை உங்க கண்ணு முன்னாடி ஒரு வெள்ளைத் தட்டுல ஊத்தச் சொல்லுங்க. அதோட, வண்டி எப்போ குளிருது, எப்போ குளிரலைங்கிறதை நீங்களே வாய் திறந்து சொல்லுங்க. சிக்னல்லயா, மேட்டுல ஏறும்போதா, காலையிலா, மத்தியானமா. அவர் காதுல வாங்கலைன்னு தோணினா இன்னொரு தடவை சொல்லுங்க. என்கிட்ட அந்த அண்ணன் ஒரு தடவைதான் சொன்னார்.

அடுத்த எபிசோடுல கூலிங் காயில் வாடை அடிக்கிறது பத்தியும், கேபின் ஃபில்டர் பத்தியும் பேசலாம். உங்க வண்டி எந்த வருஷம், என்ன தொந்தரவுன்னு எழுதி அனுப்புங்க. எப்போ ஆரம்பிச்சதுங்கிறதையும் சேர்த்து எழுதுங்க. இந்த தடவை நான் கவனமாப் படிப்பேன்.